ஒரே அடுப்படிக்குச் சான்று தேடிக் காரைக்குடி போனேன்

இந்தப் பயணம் கோபத்தில் கிளம்பியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என்னோடு பேருந்தில் ஏறிய கோபம் மாலை வரைக்கும் இறங்கவே இல்லை. யார் மேல் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

முசிறிக்குப் பக்கத்தில் மாமனார் விட்டுப்போன இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து அதில் வீடு கட்டுகிறார்கள். இரண்டு குடும்பமும் திருச்சி வாடகை வீடுகளைக் காலி செய்துவிட்டு அங்கே போய் ஒன்றாக இருப்பதாக ஏற்பாடு. படுக்கையறை, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை வேண்டுமா வேண்டாமா என்பது வரை எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம். அடுப்படியில் வந்து முட்டிக்கொண்டது. எனக்கு ஒரே பெரிய அடுப்படி வேண்டும். பழைய பண்ணைவீடுகளில் இருக்குமே, பத்துப் பேர் நின்று சமைக்கிற மாதிரி, அது. கொழுந்தன் மனைவி கவிதா எதையும் வாய் திறந்து கேட்காதவள். அவள் போய், "அக்கா, எனக்கு எங்க அறைக்குப் பின்னாடி தனியா ஒரு சின்ன அடுப்படி இருந்தாப் போதும்" என்றாள்.

ஒரு வீட்டில் இரண்டு அடுப்பா? பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? சேர்ந்து இருப்பதற்குத்தானே வீடே கட்டுகிறோம்? முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கொழுந்தன் வந்து, அப்படியானால் அவர்கள் திருச்சியிலேயே இருந்துகொள்வதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரியோ திங்கட்கிழமை அடுப்படிச் சுவர் எழுப்பணும், ஒன்றா இரண்டா என்று முடிவாகச் சொல்லுங்கள் என்று நின்றார். என் கணவர் இம்மாதிரி சமயங்களில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொள்வார். அன்றும் விரித்து வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் வடிவமைப்பாளர் ஒருவர். அடுப்படிக்கென்றே தனியாகப் பிடித்த ஆள். கணினியில் வரைந்து அனுப்பிய படத்துக்கு 'அசல் ஃபார்ம்ஹவுஸ் கிச்சன்' என்று தலைப்புப் போட்டிருந்தார். சுவர் மண் நிறம், ஆனால் அது பெயின்ட். கூரையிலிருந்து எட்டுச் செப்புப் பாத்திரங்கள் தொங்கின. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் ஒன்றை எடுக்க முடியும். செங்கல் அடுப்புக்குள்ளே கேஸ் ஸ்டவ் ஒளிந்திருந்தது. கதவில்லாத மர அலமாரிகள், பல்லி குடும்பம் நடத்துவதற்கென்றே கட்டிய மாதிரி. பாத்திரம் கழுவுகிற இடம் எங்கே என்று கேட்டேன். அது படத்தின் அழகைக் கெடுக்கும், பிறகு யோசிக்கலாம் என்றார். மூன்று வேளையும் பாத்திரம் விழுகிற வீட்டில் பிறகு யோசிப்பதாம்! எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டார். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கரண்டி தோசை மாவாவது கரைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே அசலை நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய அடுப்படி என்றால் செட்டிநாட்டு வீடுகளைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். போய் அளந்து, படம் எடுத்து, நாலு மருமகள்கள் ஒரே அடுப்படியில் எப்படி ஒற்றுமையாகச் சமைத்தார்கள் என்று கவிதா முன்னால் வைத்துவிட வேண்டும். சான்றோடு பேசினால் மறுக்க முடியாது அல்லவா? கைப்பையில் அளவு நாடா, நோட்டு, பென்சில், தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான் மூட்டை.

திருச்சியில் காலை 6.10க்குப் பேருந்து. கட்டணம் 78 ரூபாய். புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி புதிய பேருந்து நிலையத்தில் 8.30க்கு இறங்கினேன். ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் முகத்திலேயே அடிக்கிறது. வெளியே வந்ததும் பாண்டி என்கிற ஆட்டோக்காரர் கிடைத்தார். நாற்பது வயதிருக்கும், வளவளவென்று பேசாத ஆள். மாலை வரை கூடவே இருக்க 1,400 ரூபாய் என்று பேசி முடித்தேன். கார் என்றால் இரண்டாயிரத்துக்குக் குறையாது என்று நிலையத்திலேயே இரண்டு பேர் சொன்னார்கள்.

முதலில் செக்காலை ரோட்டில் ஒரு சின்னக் கடையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், ஒரு காப்பியும். 95 ரூபாய். அன்று நான் கோபப்படாமல் செலவழித்த பணம் அது ஒன்றுதான்.

9.20க்குப் பழைய சாமான் கடைத் தெரு. இடித்த வீடுகளின் தூண், கதவு, ஜன்னல், பாத்திரம் என்று வரிசையாகக் கடைகள். நான் நுழைந்த கடையில் ஒரு மரப் பெட்டகத்தைக் காட்டி, நூற்றிருபது வருடம் பழசு, முப்பத்தெட்டாயிரம் என்றார் கடைக்காரர். குனிந்து அடியில் பார்த்தேன். அடிப்பலகை பிளைவுட். நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய பிளைவுட்! கேட்டால், அடிப்பலகையை மட்டும்தான் மாற்றினோம் என்று கூச்சமில்லாமல் சொன்னார். பக்கத்தில் ஓர் ஆட்டுக்கல். அதன் குழியில் துளை போட்டுக் குழாய் விட்டிருந்தார்கள். பெங்களூர் பக்கம் தோட்டத்தில் நீரூற்று வைக்க ஆர்டராம், விலை பதினாலாயிரத்து ஐந்நூறு. கல்யாணமான புதிதில் ஆறு வருடம் வாரம் மூன்று நாள் மாவாட்டின கை என்னுடையது. எனக்குத் தோள்பட்டையே வலித்தது. அந்தக் கல்லிலிருந்து தண்ணீர் பீச்சுவதைப் பார்த்துக்கொண்டு யாரோ ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்காரப்போகிறார்.

ஒரே ஒரு பொருள்தான் அங்கே உண்மையாக இருந்தது. சின்னச் சின்ன மரப் பலசரக்குப் பெட்டிகள் நாலு, ஒரே அளவு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு. மரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் மல்லி வாசனையும் இருந்தன. நாலும் ஒரே வீட்டு அடுப்படியிலிருந்து வந்தவை என்றார். ஒரே அடுப்படியில் நாலு பூட்டு எதற்கு என்று கேட்டேன். பெரிய வீடு, சாமான் நிறைய இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்கு நகர்ந்தார். நானும் சரிதான் என்று விட்டுவிட்டேன். அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

11.15க்கு ஊருக்கு வெளியே ஒன்பது கிலோமீட்டரில் ஒரு மாளிகை ஓட்டல். பெயர் வேண்டாம். தங்காமல் சுற்றிப் பார்க்க மட்டும் 350 ரூபாய், ஒரு எலுமிச்சை ஜூஸ் உள்பட. வெள்ளைச் சட்டை போட்ட வழிகாட்டி ஒருவர் வளவு என்கிற உள்முற்றம், பட்டாலை என்கிற கூடம் எல்லாம் காட்டி முடித்துக் கடைசியில் 'பாரம்பரிய அடுப்படி'க்குக் கூட்டிப்போனார். நீளமான ஒரே அறை. சுவரோரம் நாலு அடுப்புகள் வரிசையாக, செம்மண் பூசி, கோலம் போட்டு. அடுப்புக்குள் ஒரு சிட்டிகை சாம்பல் இல்லை. அம்மியின் மேல் செம்பருத்திப் பூ. நாம் கிட்டே போகாதபடி குறுக்கே ஒரு கயிறு. அந்தக் காலத்தில் நாலு மருமகள்களும் இங்கே ஒன்றாகக் கூடிச் சிரித்துப் பேசிக்கொண்டு நாற்பது பேருக்குச் சமைப்பார்கள் என்று வழிகாட்டி ஒப்பித்தார்.

எனக்கு மனது அப்படியே குளிர்ந்துபோயிற்று. இதைக் கேட்கத்தானே வந்தேன்?

ஆனாலும் விடவில்லை. இன்றைக்கு மதியச் சாப்பாடு எங்கே சமைக்கிறார்கள் என்று கேட்டேன். அது பின்னால் என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பவிடாமல் நின்றார். கைகழுவும் சாக்கில் நானே போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகை. உள்ளே நாலு பெண்கள், வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்ட, உட்கார ஒரு முக்காலிகூட இல்லாமல் நின்றுகொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். காற்றாடி ஒன்று இருந்தது, ஓடவில்லை. கோலம் போட்ட குளுகுளு அறையில் யாரும் சமைப்பதில்லை. சமைக்கிறவர்களுக்குத் தகரம். இதைப் பற்றி வரவேற்பில் சொன்னேன். கருத்துப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவ்வளவு கோபத்திலும் எனக்கு வேண்டிய படத்தை எடுக்க மறக்கவில்லை. நாலு அடுப்பும் ஒரே சட்டத்துக்குள் விழும்படி எடுத்து, 11.50க்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "நாலு மருமகள்கள், ஒரே அடுப்படி, நாற்பது பேர் சாப்பாடு. அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தனியாக வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை." எழுதி முடித்தபோது மனதுக்கு ரொம்ப நிறைவாக இருந்தது. ஒளிப்பானேன்?

என் கணவர் கட்டைவிரல் போட்டார். கவிதா பார்த்துவிட்டாள் என்று காட்டியது. ஆட்டோ மறுபடி செக்காலைக்கு வந்து, சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றபோது போனைத் திறந்தால், கவிதா குழுவிலிருந்து வெளியேறினார் என்று சாம்பல் எழுத்தில் ஒரு வரி. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் அழைத்தார். அவர் சத்தம் போடவில்லை. "அண்ணி, திங்கக்கிழமை எங்க அறைக்குச் சுவர் எழுப்ப வேண்டாம்னு மேஸ்திரிகிட்டச் சொல்லிடுங்க. நாங்க தோப்புக்கு வரலை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சாப்பாடு 140 ரூபாய். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை, ஆகவே கடையைப் பரிந்துரைக்க முடியாது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? படம்தானே அனுப்பினேன்? எல்லோரையும் ஒன்றாக வைத்துக்கொள்ள நினைத்தால் இதுதான் கிடைக்குமா? வெளியே வந்து இதையெல்லாம் பாண்டியிடம் கொட்டித் தீர்த்தேன். பாவம், அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில் போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"அக்கா, இந்த அடுப்பு போன வருசம் போட்டதுக்கா. எங்க மாமாதான் பூச்சு வேலை பாத்தாக. நடுவுல குட்டச் செவரு நின்னுச்சு, படம் எடுக்க எடைஞ்சலா இருக்குன்னு அதை இடிச்சுப்புட்டாக" என்றார் பாண்டி. "அசலு பாக்கணும்னா கீழச்சிவல்பட்டிக்குப் போவம். அங்க ஒரு ஆச்சி வீட்டுல ஓடு மாத்துறாக. ஆச்சி இன்னைக்கு அங்குட்டுத்தான் இருப்பாக."

350 ரூபாய் கொடுத்து என் காதில் நானே பூச்சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். குட்டைச்சுவர் எதற்கு என்று பாண்டிக்குத் தெரியவில்லை. அசலைப் பார்த்தே தீருவது என்று கிளம்பினோம்.

மணி இரண்டு. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகக் கீழச்சிவல்பட்டி. ஆட்டோ மீட்டரில் 24 கிலோமீட்டர் காட்டியது. குன்றக்குடியில் மலை மேலிருக்கும் முருகனைச் சாலையிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். அந்த நிலைமையில் படியேறிப் போய் அவரிடமும் சண்டை போட விருப்பமில்லை. நீங்கள் போனால் காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள், மதியம் நடை சாத்தியிருக்கும், படியும் சுடும்.

3.05க்கு அந்த வீட்டு வாசலில் நின்றோம். ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே செட்டியார் வீட்டுப் பெண்களுக்கு அது மரியாதைச் சொல். விசாலாட்சி ஆச்சி என்னைவிட இரண்டு வயது இளையவர், ஐம்பது இருக்கும். திருப்பத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஓடு மாற்றுகிற ஆட்களைத் திட்டிக்கொண்டே எங்களை உள்ளே வரச் சொன்னார். நான் வந்த காரியத்தைக் கேட்டதும், "அடுப்படி பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று வியந்துவிட்டு, மூன்று கட்டுகளைத் தாண்டிப் பின்னால் கூட்டிப்போனார்.

இங்கே சாம்பல் இருந்தது. சுவரெல்லாம் புகை ஏறிக் கன்னங்கரேல். நாடாவை எடுத்து அளந்தேன். மொத்த நீளம் நாற்பத்திரண்டு அடி. ஆனால் அது ஓர் அறை இல்லை. இடுப்பளவு குட்டைச்சுவர்கள் மூன்று குறுக்கே நின்று அதை நாலாகப் பிரித்தன. ஒவ்வொரு பங்கும் பத்தடிக்குக் கொஞ்சம் கூட. ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு, மேலே ஒரு புகைபோக்கி, ஓர் அம்மி, தண்ணீர் ஓட ஒரு சாக்கடை, சுவரில் மரப் பெட்டி வைக்க ஒரு மாடம். காலையில் கடையில் பார்த்த பெட்டிகள் அந்த மாடத்தில் கச்சிதமாக உட்காரும்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இத்தனை அடுப்பையும் வைத்துக்கொண்டு எத்தனை பேர் சேர்ந்து சமைப்பீர்கள் என்று கேட்டேன்.

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படம் எடுக்க வர்றவுக எல்லாரும் இதையேதான் கேக்குறாக. சேந்து எங்க சமைச்சோம்? இது என் அடுப்பு. அது மாமியா அடுப்பு. அங்குட்டு இருக்கது ரெண்டும் என் கொழுந்தனார் பொஞ்சாதிகளோடது. கல்யாணம் முடிஞ்ச கையோட வேற வச்சுருவாகள்ல?"

வேறு வைப்பது அவர்கள் வழக்கம். மகனுக்குக் கல்யாணமானால், அவனையும் மருமகளையும் அதே வீட்டில் ஓர் அறை கொடுத்துத் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பக் கணக்காக, வைத்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம் பண்டம் எல்லாம் கணக்காகக் கொடுத்து, இனி உங்கள் அடுப்பு உங்களுக்கு என்று சொல்லிவிடுவார்கள். வாசல் ஒன்று, சாமி ஒன்று, நல்லது கெட்டது எல்லாம் ஒன்று. கல்யாணம் காட்சி என்றால் பின்கட்டில் பெரிய அடுப்பு மூட்டி எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். அன்றாடச் சோறு மட்டும் அவரவர் அடுப்பில். ஒரே அடுப்படிக்கு நாலு பூட்டு எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு ஆச்சி மேலேயே கோபம் வந்தது. சான்று தேடி வந்தவளிடம் இப்படியா சொல்வது? விடாமல் வாதாடினேன். சண்டை வந்து பிரித்திருப்பார்கள், அதை வழக்கம் என்று பூசி மெழுகுகிறீர்கள் என்றே கேட்டுவிட்டேன். ஆச்சி கோபித்துக்கொள்ளவில்லை. சண்டை போட்ட பிறகு வேறு வைத்தால் மனது ஆறாது, அதனால் ஒன்றுமில்லாத நாளிலேயே வைத்துவிடுவது என்றார். அதற்காக அந்த அடுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டும் ஆடவில்லை. புகையில் கண் எரிந்து தண்ணீர் கொட்டும், இப்போது ஊருக்கு வந்தால் அவருக்கு கேஸ்தான். அடுத்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று வாசனையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஆனால் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

பிறகு தன் அடுப்பு மேடையைக் கையால் தட்டிக்கொண்டு, சாதாரணமாகத்தான் இதைச் சொன்னார்: "வந்த புதுசுல எனக்கு ஒரு குழம்பு வைக்கத் தெரியாது. தீச்சேன், உப்ப அள்ளிப் போட்டேன். மாமியா இந்தச் செவத்துக்கு அங்குட்டு நிண்டு அவுக வேலையப் பாப்பாக. ஒரு நாளும் என் சட்டியத் தெறந்து பாத்தது இல்லை."

நான் அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். கவிதா எங்கள் வீட்டுக்கு வந்து சமைக்கும்போதெல்லாம் நான் மூடியைத் திறப்பேன். கொஞ்சம் புளி குறைவு, கொஞ்சம் பெருங்காயம் போடு, இதை இப்படியா நறுக்குவது. நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றே இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். என் மாமியாரும் அதையேதான் சொல்வார். இருபத்திரண்டு வருடம் அவர் அடுப்படியில் நின்றேன். நான் வைத்த ரசத்தில் என் கண்ணெதிரே ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக் கலக்குவார். எண்ணெய்ச் சட்டியை எடுத்தால் பின்னாலேயே வந்து நிற்பார். அவர் காலமாகி நாலு வருடமாகிறது. அந்த நாலு வருடமும் திருச்சியின் சின்ன வாடகை வீட்டு அடுப்படியில் எனக்கு ஏதோ குறைந்துகொண்டே இருந்தது. என்ன குறைந்தது என்று கீழச்சிவல்பட்டியில் நிற்கும்போது புரிந்தது. பின்னால் போய் நின்று திறந்து பார்க்க எனக்கொரு ஆள் வேண்டியிருந்தது. வரிசையில் நின்று என் முறை வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறேன். அதற்குத்தான் பண்ணைவீடு, ஒற்றுமை, அசல் என்று பெயர் பெயராக வைத்திருக்கிறேன்.

வடிவமைப்பாளர் கேஸ் ஸ்டவ்வைச் செங்கலுக்குள் ஒளித்தார், ஓட்டல்காரர் குட்டைச்சுவரை இடித்தார் என்று காலையிலிருந்து எகிறிக்கொண்டிருந்தேனே, வெட்கமாக இருந்தது. அவர்களாவது காசுக்குச் செய்தார்கள்.

ஆச்சி காப்பி கொடுத்தார். கிளம்பும்போது, "எத்தனை அடுப்பு போடுறீக?" என்று கேட்டார். இரண்டு என்றேன். அதுவரை யாரிடமும் நான் சொல்லாத பதில்.

கீழச்சிவல்பட்டியிலிருந்தே புதுக்கோட்டைக்குப் பேருந்து உண்டு, காரைக்குடிக்குத் திரும்ப வேண்டியதில்லை. பாண்டிக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு 5.05க்கு நிறுத்தத்தில் நின்று கவிதாவை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுத்தாள். நான் போட்ட படம் தப்பு, இங்கே ஓர் ஆச்சி சொல்லித்தான் தெரிந்தது, அந்த வீடுகளில் ஒவ்வொருத்திக்கும் தனி அடுப்புதான் இருந்தது, உனக்கும் தனி அடுப்படி கட்டுகிறோம், நான் எழுதினது ரொம்பத் தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள், அக்கா என்று உருகுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"நான் சொன்னப்ப நீங்க கேக்கலை" என்றாள். "காரைக்குடிக்குப் போயி யாரோ ஒரு ஆச்சி சொல்லவேண்டியிருந்துச்சு. நான் பதினெட்டு வருஷமா இந்தக் குடும்பத்துலதான்க்கா இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. பேருந்துச் சத்தத்தை நடுவில் விட்டு, வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் அதிகம் செய்யாத காரியம். அவளே மேலே பேசினாள். வரச் சம்மதம், ஆனால் அந்த அடுப்படிக்குக் கதவு வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு என்றாள். சரி என்றேன். வைத்துவிட்டாள்.

5.20க்குப் பேருந்து வந்தது. புதுக்கோட்டையில் மாறி, 8 மணிக்கெல்லாம் திருச்சி. இரண்டு பேருந்துக்கும் சேர்த்து 92 ரூபாய். வழியில் குழுவில் நீளமாக ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டேன். அதைப் படிக்க வேண்டியவள் குழுவில் இல்லை. என் கணவர் அதற்கும் கட்டைவிரல் போட்டார்.

என்னைப் போல அடுப்படி பார்க்கச் செட்டிநாடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒருநாள் போதும், மொத்தச் செலவு எனக்கு 2,155 ரூபாய் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சாமான் கடைகள் பாதி மூடியிருக்கும். எதை வாங்கினாலும் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆட்கள் வாழ்கிற வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளூர் ஆட்டோக்காரரைக் கேட்டு, அந்த வீட்டார் அனுமதித்தால் மட்டும் போங்கள், அவர்களுக்கு வேலை இருக்கும். அளவு நாடா கட்டாயம். அடுப்பிலிருந்து புகை வெளியேறும் வழி, தண்ணீர் ஓடும் வழி, பாத்திரம் விழுகிற இடம் இந்த மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். தொங்குகிற செப்புப் பாத்திரம் எதற்கும் உதவாது. சாமான் வாங்கும் பெரிய மனிதர்களே, தயவுசெய்து ஆட்டுக்கல்லில் ஓட்டை போடாதீர்கள். ஓட்டலில் தங்குகிறவர்கள் அவர்கள் காட்டுகிற அடுப்படியைப் பார்த்த பிறகு, உங்கள் சோறு வெந்த இடம் எது என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அந்தக் காற்றாடியையாவது சரி செய்வார்கள்.

வடிவமைப்பாளருக்கு அன்றே வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டேன். என் அடுப்படி பதினாறுக்குப் பன்னிரண்டு, கவிதாவுடையது பத்துக்கு எட்டரை. அளவை நான் சொல்லவில்லை, அவளே மேஸ்திரியிடம் போனில் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை காலை தோப்புக்குப் போனபோது நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். கதவு எங்கே வருகிறது என்று காட்டிவிட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்க வேண்டும் என்று சொன்னேன்.

மேஸ்திரி நோட்டில் எழுதப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். "குளியலறைக்குத்தான் உள்தாழ்ப்பாள் கேப்பாங்க. அடுப்படிக்கு எதுக்குங்கம்மா?"

"நான் உள்ளே போகாம இருக்கத்தான்" என்றேன்.